அப்பாவுக்கு மறதியா, இல்ல காதுதான் கேக்கலையா? எப்படிங்க பிரிச்சுப் பாக்கறது?

சோமனூரான்:

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுத்துப் படிங்க. அப்பாவுக்கு 74 வயசு. 15 வயசுல தறிக்குடோன்ல நாடா மாத்தறதுல ஆரம்பிச்சு 40 வருசத்துக்கு மேல விசைத்தறியிலயே இருந்தவர், சோமனூர் பக்கம் எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் தறிதான், நாங்கெல்லாம் அந்த சத்தத்துலயே தூங்கி எந்திரிச்சு வளந்தவங்க. சக்கரை இருக்குது, பிரஷர் மாத்திரை போடறாரு, பீடிய நிறுத்தி 10 வருசம் ஆச்சு.

காது அவருக்கு ரொம்ப நாளாவே மந்தம்தான், தறிக்காரங்கன்னா அப்படித்தானேன்னு நாங்க யாரும் அதப் பெருசா எடுத்துக்கல. இப்ப ஒரு ஒன்றரை வருசமா வேற மாதிரி ஆயிட்டாருங்க. கேள்வி ஒண்ணு கேட்டா பதில் வேற ஒண்ணு வருது. "நேத்துதானேப்பா சொன்னேன்"னா "யாரு சொன்னா, எங்கிட்ட யாரும் சொல்லல"ங்கறாரு. அம்மா குளிக்கப் போறப்ப மூணு விசில் வந்தா அடுப்ப ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க, குக்கர் தீயற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்திருக்காரு. கல்யாண வீட்டுக்கெல்லாம் வரமாட்டேங்கறாரு, டிவிய வெச்சுட்டு சும்மா அதையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. போன மாசம் இன்னொண்ணு நடந்துச்சு, கருமத்தம்பட்டி போயிட்டுத் திரும்பறப்ப பஸ்ஸ விட்டு எறங்கி நம்ம சந்துக்கு வராம எதுத்தாப்புல ரோட்டோரமா கொஞ்ச நேரம் நின்னுட்டே இருந்தாருன்னு பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டிட்டு வந்தாரு.

நான் பெங்களூர்ல இருக்கேன், மாசம் ஒருக்கா வருவேன். தங்கச்சி இது அல்சைமர்தான், நரம்பு டாக்டர்ட்ட போலாம்ங்கறா. மாமா ஒருத்தரு வயசானா அப்படித்தான்டா, விடுங்கறாரு. காது கேக்காததுக்கும் மறதிக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு எங்கயோ படிச்சேன், காது மிஷின் வெச்சா மறதி வராதுன்னு கூட ஒரு வீடியோல சொன்னாங்க. உண்மையாங்க? மொதல்ல எந்த டாக்டர்ட்ட போறது? வீட்டுல இந்த அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

வைகைக்கரை அக்கா:

தம்பி, மொதல்ல பயப்படாதீங்க. எங்க அம்மாவுக்கு 70 வயசுல இதே கூத்துதான். பேரப்புள்ள பேர மாத்திக் கூப்புடுறது, சொன்னத திரும்பக் கேக்குறது, எந்நேரமும் அசதி. நாங்களும் அம்புட்டுதான், அம்மாவுக்கு ஞாபகம் போயிருச்சுன்னு அழுது தீத்துட்டோம். கடைசில ரத்தம் எடுத்துப் பாத்தா பி12 பாதாளத்துல கெடக்கு. பத்து வருஷத்துக்கு மேல சக்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே தெனமும் காலையில ஒரு கேஸ் மாத்திரை, ரெண்டும் சேந்து பி12ஐ இறக்கிவிடும்னு எங்களுக்கு யாரு சொன்னா? ஊசி போட்டு மூணு மாசத்துல முக்காவாசி தெளிஞ்சு வந்துட்டாங்க. உங்கப்பாவும் சக்கரைக்காரருங்கிறதாலதான் சொல்றேன், பி12, தைராய்டு, சோடியம் இந்த மூணையும் பாக்காம யாரும் அல்சைமர்னு வாயால கூட சொல்லக்கூடாது. தூக்க மாத்திரை எதும் போடுறாரான்னும் பாருங்க, மெடிக்கல்ல கேட்டா சீட்டு இல்லாமயே சில இடத்துல குடுத்துவிட்டுர்றாங்க, வயசானவங்களுக்கு அதுவே மந்தம் புடிக்க வைக்கும்.

ஆனா அந்த ரோட்டுல நின்ன கதைய மட்டும் லேசா விடாதீங்க. சொன்னது கேக்கல, குக்கர் தீஞ்சிருச்சு, இதெல்லாம் காதா இருக்கலாம். சொந்த சந்து தெரியாம நிக்கிறதுக்கும் காதுக்கும் என்ன இருக்கு?

---

கேட்பொலி:

நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு சோதிச்சு மிஷின் பொருத்தித் தர்றவன், 11 வருஷமா இதே வேலை. உங்க கேள்வியில பாதிக்கு வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம், காசு செலவே இல்ல. இன்னைக்கு ஏதாவது ஒரு விஷயத்த அப்பாகிட்ட வாயால சொல்லாம பெரிய எழுத்துல பேப்பர்ல எழுதிக் காட்டுங்க, உதாரணமா "வியாழக்கிழமை 10 மணிக்கு பேங்க், பாஸ்புக் எடுத்து வெக்கணும்". அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிட்டு பேப்பரை வாங்கிருங்க. மறுநாள் அதப்பத்திக் கேளுங்க. இன்னொரு விஷயத்த வழக்கம் போல சமையல்கட்டுல இருந்து வாயால சொல்லுங்க, அதையும் மறுநாள் கேளுங்க. நாலஞ்சு தடவ மாத்தி மாத்திச் செய்யுங்க. எழுதிக் காட்டினது ஞாபகம் இருந்து வாயால சொன்னது மட்டும் இல்லேன்னா, அது மறதி இல்ல, உள்ளயே போகல. உள்ள போகாதது எப்படி ஞாபகம் இருக்கும்? எழுதினதும் போயிருதுன்னா நரம்பு டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டணும். இது டாக்டர் சோதனைக்கு மாத்து கிடையாது, எந்தப் பக்கம் மொதல்ல போறதுன்னு ஒரு குறிப்பு கிடைக்கும், அவ்ளோதான்.

தறிக்காரங்க காது பத்தி சொல்றேன். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல கேட்டுட்டே இருந்தா காதுக்கு ஆபத்து. நாடாத் தறி ஓடற குடோன்ல 90 தாண்டறது ரொம்ப சாதாரணம், அதுலயே உங்கப்பா 40 வருஷம் நின்னிருக்காரு. உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, அதுக்குள்ள மயிர் மாதிரி செல்கள், அது ஒருதடவ செத்தா திரும்ப முளைக்காது. சத்தத்துல அடிபட்டவங்களுக்கு மொதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மேல் சுருதி. வயசாகறதாலயும் மேல் சுருதிதான் மொதல்ல போகும். ஆக உங்கப்பாவுக்கு ரெண்டு அடியும் ஒரே எடத்துல. குக்கர் விசில், குருவிச் சத்தம், பேத்தியோட கீச்சுக் குரல் எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. பக்கத்துலயே உக்காந்திருந்தும் விசில் எண்ணலன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அத படிச்சதும் மறதின்னு தோணல.

அதே ஆளுக்கு லாரி போற சத்தம், கதவு சாத்தற சத்தம் நல்லா கேக்கும். அதனாலதான் வீட்டுல "வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கறாரு"ம்பாங்க. பேச்சுல அ, ஆ, ஓ மாதிரி உயிர் ஓசையெல்லாம் கீழ் சுருதி, அது காதுல விழும். ச, த, க, ப இதையெல்லாம் பிரிச்சுக் காட்டறது மேல் சுருதி. அது போயிட்டா பத்து, சத்து, கத்து மூணும் ஒண்ணுதான். பேச்சு கேக்குது ஆனா என்ன பேச்சுன்னு புரியல. மிச்சத்த அவரு ஊகிச்சுப் பதில் சொல்றாரு, நீங்க கேட்டது ஒண்ணு அவரு சொல்றது ஒண்ணு. இன்னொண்ணு, கத்தினீங்கன்னா "ஏன்டா கத்தற"ம்பாரு. மெல்லப் பேசினா கேக்காது, கொஞ்சம் ஏத்தினா காதுக்குள்ள இடிக்கும், நடுவுல இருக்கற இடைவெளி சுருங்கிப் போச்சு. அது திமிரு இல்லீங்க, அடிபட்ட காதோட குணம்.

வரிசை: மொதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர், காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாத்து எடுக்கட்டும், அப்புறம் ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்துல கேக்குதுன்னு கோடு போட்டுக் காட்டற சோதனை, கூடவே பேச்சுப் புரியுற சோதனையும் கேளுங்க. அதுக்கப்புறம் ஞாபக சக்தி டெஸ்ட். இந்த வரிசைய மாத்தாதீங்க. ஞாபக டெஸ்ட்டுல அஞ்சு வார்த்தை வாயால சொல்லி அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேப்பாங்க, காது கேக்காத மனுஷன் அதுல பாதி மார்க்கை காதுலயே இழந்துருவாரு.

---

வேப்பமரத்தடி:

நல்லெண்ணெயில நாலு பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி வெதுவெதுப்பா காதுல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. எங்க தாத்தாவுக்கு தெளிவா கேட்டுச்சு.

---

கேட்பொலி:

வேண்டாம்ங்க. செவிப்பறையில ஓட்டை இருந்தா அந்த எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போகும். தாத்தாவுக்கு அநேகமா அழுக்கு இளகி வந்திருக்கும், அதுக்கு டாக்டரே சொட்டு மருந்து தருவாரு. உள்காது செல் செத்ததுக்கு எண்ணெய் ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன், யாருக்காவது ஒரு காது திடீர்னு ஒரே நாள்ல அடைச்ச மாதிரி ஆச்சுன்னா எண்ணெய், ஆவின்னு வீட்டுல நாள் ஓட்டாதீங்க, அன்னைக்கே டாக்டர்ட்ட ஓடுங்க. அதுக்கு மருந்து உண்டு, ஆனா நாள் போகப் போக பலன் கொறையும்.

---

தரவுப்பித்தன்:

மிஷின் வெச்சா மறதியே வராதுன்னு அந்த வீடியோல சொன்னதப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா எங்க ஏரியா கடைக்காரரு இதையே சொல்லித்தான் எங்க பெரியப்பாகிட்ட ரெண்டு லட்சத்துக்கு ஜோடி வித்தாரு.

சம்பந்தம் இருக்கறது உண்மை. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல ஃபிராங்க் லின்னுன்னு ஒரு டாக்டர், 2011ல பால்டிமோர்ல பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச 639 பேரோட விவரத்த வெளியிட்டாரு. காது கொஞ்சமா மந்தமானவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் மாதிரி மறதி நோய், வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, நடுத்தரமா போனவங்களுக்கு மூணு மடங்கு, ரொம்பப் போனவங்களுக்கு கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. அப்புறம் லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகை ஒரு குழு போட்டுச்சு, அவங்க 2017ல ஒண்ணு, 2020ல ஒண்ணு, 2024ல ஒண்ணுன்னு மூணு அறிக்கை குடுத்தாங்க. 2024ல 14 காரணம் எழுதியிருக்காங்க, எல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல 45 சதவீத டிமென்ஷியாவ தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்ங்கறது அவங்க கணக்கு. அதுல காது மட்டும் 7 சதவீதம், கெட்ட கொழுப்பும் 7, தனிமை 5, சின்ன வயசுல படிப்பு இல்லாதது 5. சக்கரை, பிரஷர், புகை மூணும் தலைக்கு 2. இந்த 7 சதவீதத்த எல்லாரும் தப்பாப் படிக்கறாங்க. உங்கப்பாவுக்கு 7 சதவீதம் ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. காது மந்தமே இல்லாத ஒரு உலகம் இருந்தா மொத்த டிமென்ஷியா கேஸ்ல 7 சதவீதம் கொறையும், அதுவும் காதுதான் காரணம்னு எடுத்துக்கிட்டா.

அந்த "காரணம்னு எடுத்துக்கிட்டா"ங்கற எடத்துலதான் சண்டையே. ரெண்டும் சேந்து வருதுங்கறதால ஒண்ணு இன்னொண்ண உண்டாக்குதுன்னு ஆயிடாது. ரத்தக்குழாய் கெட்டா காதும் போகும் மூளையும் போகும். மூளை மொதல்ல கெட ஆரம்பிச்சதால பேச்சு புரியாம போறதும் உண்டு.

மிஷின் குடுத்தே சோதிச்சுப் பாத்தது அச்சீவ்னு ஒரு ஆய்வு, 2023 ஜூலைல வந்துச்சு. அமெரிக்காவுல நாலு எடத்துல 70லிருந்து 84 வயசு வரைக்கும் 977 பேரு, பாதிப் பேருக்கு மிஷினும் பயிற்சியும், பாதிப் பேருக்கு பொதுவான ஆரோக்கிய வகுப்பு, மூணு வருஷம். மொத்தமா பாத்தா ரெண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் இல்ல! ஆனா அதுக்குள்ள 238 பேரு ஏற்கனவே ஒரு இதய ஆய்வுல இருந்தவங்க, வயசு கூட, சக்கரை பிரஷர் கூட, அவங்கள்ல மட்டும் மிஷின் போட்டவங்களோட மூளைச் சரிவு 48 சதவீதம் கம்மி. விளம்பரத்துல எல்லாம் இந்த 48 மட்டும்தான் வரும், 977 வராது. அதே 2023ல ஹியரிங் எயிட் போட்டா டிமென்ஷியா கொறையுதுன்னு பிரிட்டன் டேட்டாவ வெச்சு ஒரு பெரிய கட்டுரை வந்து உலகம் பூரா செய்தியாச்சு, அத அந்த வருஷ டிசம்பர்லயே வாபஸ் வாங்கிட்டாங்க, கோடிங்ல தப்பு. வாபஸ் ஆனது எத்தன வீடியோல வந்துச்சு?

அதனால மிஷின் வேண்டாம்னு சொல்ல வரல. காது கேக்கணும்னா போடுங்க, அது ஒண்ணே போதுமான காரணம். மறதிக்கு இன்சூரன்ஸ்னு நினைச்சுக் கடன் வாங்கிப் போடாதீங்க.

---

கேட்பொலி:

தரவுப்பித்தன் சொன்ன எண்ணெல்லாம் சரி, ஒரு விஷயத்துல மட்டும் வேற மாதிரி பாக்கறேன். அந்த 238 பேரு யாரு? வயசானவங்க, சக்கரை பிரஷர் உள்ளவங்க, படிப்பும் வருமானமும் கம்மி. மிச்சப் பேரு தானா முன்வந்த ஆரோக்கியமான ஆளுங்க, அவங்களுக்கு மூணு வருஷத்துல மூளைச் சரிவே பெருசா இல்ல, இல்லாத சரிவ எப்படித் தடுத்துக் காட்டுவீங்க? சோமனூரான் அப்பா எந்தக் கூட்டத்துல வர்றாருன்னு நீங்களே சொல்லுங்க. நிரூபணம்னு நானும் சொல்லல, ஆனா இந்த மாதிரி ஒருத்தருக்கு மூணு வருஷம் காத்திருந்து பாக்கலாம்னு என்னால சொல்ல முடியாது.

எப்படி ஒண்ணு இன்னொண்ண இழுக்குதுங்கறதுக்கு ரெண்டு மூணு வழி சொல்றாங்க. பாதி காதுல விழுந்த வாக்கியத்த ஒட்டவெச்சுப் புரிஞ்சுக்கறதுலயே மூளையோட சக்தி போயிருது, ஞாபகத்துல வைக்க மிச்சம் இல்ல. ரெண்டாவது, கேக்காததால ஆளு ஒதுங்கிருவாரு, பேச்சுத்துணை போயிரும். நான் தெனம் பாக்கறது ரெண்டாவதத்தான்.

---

தரவுப்பித்தன்:

ஒத்துக்கறேன், மொத்தப் பேர்ல ஒரு பகுதிய மட்டும் பிரிச்சுப் பாத்த கணக்குங்கறதால கொஞ்சம் சந்தேகத்தோடதான் பாப்பேன், ஆனா அப்பா அந்தக் கூட்டம்தான்.

---

கண்டக்டர் தாத்தா:

வயசு 72. நாகர்கோவில் பக்கம். 31 வருசம் பஸ்ஸுல விசிலும் ஹாரனும் இஞ்சின் சத்தமுமா கழிச்ச ஆளு. எல்லாரும் அப்பாவப் பத்திப் பேசுதீங்க, அப்பா எடத்துல இருந்து நான் கொஞ்சம் சொல்லுதேன்.

காது போறது நமக்கு மொதல்ல தெரியாது தம்பி. சனங்க முணுமுணுன்னு பேச ஆரம்பிச்சிட்டாவன்னுதான் தோணும். எம் பெண்டாட்டி வாய்க்குள்ளயே பேசுதா, பிள்ளைய போனப் பாத்துக்கிட்டே பேசுதுன்னு கோவம் வரும். ஒரு தடவ "என்னா"ன்னு கேப்போம், ரெண்டு தடவ கேப்போம், மூணாவது தடவ கேட்டா அவுங்க மூஞ்சி ஒரு மாதிரி போவும் பாருங்க, அதப் பாத்தபொறவு நாலாவது தடவ கேக்க மனசு வராது. சரி சரின்னு தலைய ஆட்டிருவேன். எதுக்கு ஆட்டுனோம்னு எனக்கே தெரியாது. மறுநா வந்து "நீங்கதான சரின்னு தலைய ஆட்டுனிய"ன்னு கேப்பா. அத மறதின்னு எழுதிக்கிட்டாங்க வீட்டுல.

கல்யாண வீட்டுக்கு வரலன்னு சொன்னிய. மேளம், மைக்கு, சாப்பாட்டு எடத்துல எவர்சில்வர் சத்தம், இதுக்கு நடுவுல அஞ்சாறு பேரு சுத்தி நின்னு பேசுனா எங்க காதுக்கு அது கொதிக்கிற எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். ஒரு தடவ யாரோ செத்த சேதிக்குச் சிரிச்சுட்டேன். அன்னைக்கு நிறுத்துனதுதான் கல்யாணம் காட்சிக்குப் போறத.

அதவிட இன்னொண்ணு இருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுல நமக்கு எதுவுமே சொல்ல மாட்டாவ. சொல்லிப் புரிய வைக்கிறதுக்கு அவுங்களுக்கும் தெம்பு வேணும்லா. மகன் நிலத்த வித்தது எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். "சொன்னோமேப்பா"ங்கான். சொல்லியிருப்பான், முதுகக் காட்டிக்கிட்டுச் சொல்லியிருப்பான். உங்க அப்பா "எங்கிட்ட யாரும் சொல்லல"ங்கிறது பொய்யாவும் இருக்காது, மறதியாவும் இருக்காது, பாத்துக்கிடுங்க.

மிஷின் போட்டு நாலு வருசம் ஆச்சு. போட்ட மொத வாரம் கழட்டி எறிஞ்சுட்டேன். ஃபேன் சத்தம் ஏரோப்ளேன் மாதிரி, பேப்பர் திருப்புனா காட்டுல தீ புடிச்ச மாதிரி, எஞ்செருப்புச் சத்தம் எனக்கே திடுக்குங்கும். அந்தப் பொண்ணு, காது செக் பண்ணுத பொண்ணு, தெனமும் ரெண்டு மணி நேரம், வீட்டுக்குள்ள மட்டும், ஒரே ஒரு ஆளோட மட்டும்னு ஆரம்பிக்கச் சொல்லிச்சு. ரெண்டு மாசம் ஆச்சு பழக. பழைய காது வந்துருச்சான்னு கேட்டா வரல. ஆனா பேத்தி சொல்லுதது வெளங்குது. ஞாபகம் கூடிச்சான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.

---

சோமனூரான்:

கண்டக்டர் ஐயா, நீங்க எழுதினதப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலைங்க. நெலத்துக் கதை எங்க வீட்டுலயும் உண்டு, நெலம் இல்ல, தறி. அவரு ஓட்டிட்டு இருந்த பழைய தறி நாலையும் போன தீவாளிக்கு முன்னால எடைக்குப் போட்டோம், அப்பாகிட்ட சொன்னோம்னுதான் நான் நெனச்சுட்டு இருக்கேன். எப்பச் சொன்னோம், எப்படிச் சொன்னோம்னு இப்ப தங்கச்சிகிட்ட கேட்டா அவ நான் சொன்னேன்னு நெனச்சிருக்கா.

அந்தப் பேப்பர் சோதனைய ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்து செஞ்சேனுங்க. எழுதிக் காட்டினது அஞ்சுல நாலு ஞாபகம் இருந்துச்சு. வாயால சொன்னது அஞ்சுல ஒண்ணு. அந்த ஒண்ணும் எதுத்தாப்புல உக்காந்து மூஞ்சியப் பாத்துச் சொன்னது. அம்மா அத நம்பவே இல்ல, அவங்களும் ஒருக்கா எழுதிக் காட்டிப் பாத்துட்டாங்க.

ரோட்டுல நின்னதப் பத்தி அக்கா கேட்டாங்களே, அப்பாகிட்டயே எழுதிக் கேட்டேன். "டிராவல்ஸ்காரன் போர்டு மாத்திட்டான், நம்ம சந்து முக்குல இருந்த டீக்கடயும் இல்ல, கண்ணும் கூசுச்சு, ஒரு நிமிசம் புடிபடல"ன்னாரு. டீக்கடைய எடுத்தது நெசந்தான். ஆனாலும் 50 வருசமா நடந்த சந்துங்க. எனக்கு அது இன்னும் உறுத்துது.

---

வைகைக்கரை அக்கா:

உறுத்தட்டும், அதுதான் நல்லது. கண்ணு கூசுச்சுன்னாரே, கண்புரை இருக்கான்னும் பாத்துருங்க, ஒரே அலைச்சல்ல முடிஞ்சுரும். அந்த 14 காரணத்துல பார்வையும் ஒண்ணு, 2024லதான் சேத்தாங்க.

செலவு பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஆடியோகிராம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயே எடுக்கலாம். மிஷினுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க, ரெண்டு காதுலயும் 60 டெசிபலுக்கு மேல போயிருந்தா சான்றிதழுக்கு வாய்ப்பு இருக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழ உள்ள பெரியவங்களுக்கு மத்திய அரசுல வயோஸ்ரீ யோஜனான்னு 2017ல இருந்து ஒண்ணு ஓடுது, முகாம் போடுறப்ப காது மிஷினும் குடுக்குறாங்க. எங்க சித்தப்பாவுக்கு அதுலதான் கிடைச்சுச்சு.

---

கேட்பொலி:

வாங்கறதா இருந்தா ரெண்டு விஷயம். விலை கூடினது நல்லதுன்னு இல்ல, வாங்கினதுக்கப்புறம் எத்தன தடவ உக்கார வெச்சு அட்ஜஸ்ட் பண்ணித் தருவாங்கன்னு கேளுங்க. ஆடியோகிராம் எடுக்காமயே பெட்டியத் திறந்து காதுல மாட்டிவிடற கடைக்குப் போகாதீங்க, அது சத்தத்த மட்டும் கூட்டும், அவருக்குப் போயிருக்கறது அநேகமா மேல் சுருதிதான். ரெண்டாவது, மிஷின் போட்டாலும் நீங்க பேசற விதம் மாறணும். மூஞ்சியப் பாத்து, டிவிய நிறுத்திட்டு, கத்தாம, கொஞ்சம் மெதுவா. புரியலன்னா அதே வாக்கியத்தத் திரும்பச் சொல்லாம வார்த்தைய மாத்திச் சொல்லுங்க. "பத்து மணிக்கு" புரியலன்னா "காலைல டிபன் முடிச்சதும்".

---

சோமனூரான்:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. எடது காதுல அழுக்கு கல்லு மாதிரி இருந்துச்சு, எடுத்தாங்க. ஆடியோகிராம்ல வலது 58 டெசிபல், எடது 64 டெசிபல் போயிருக்குது, கேட்பொலி சொன்ன மாதிரியே கோடு 2000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓரளவு போயிட்டு அப்புறம் கெணத்துல எறங்கற மாதிரி எறங்குது. பி12 கம்மி, ஊசி போடறாங்க. வலது கண்ணுல புரை இருக்குது, தை கழிச்சு ஆபரேசன்.

ஞாபக டெஸ்ட்ட மிஷின் போட்டு ஒரு மாசம் கழிச்சுத்தான் எடுக்கச் சொன்னேன், டாக்டரும் ஒத்துக்கிட்டாரு. வயசுக்கும் படிப்புக்கும் பாத்தா கொஞ்சம் கொறச்சல்தான், ஆனா இப்போதைக்கு டிமென்ஷியான்னு பேர் வெக்க மாட்டேன், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாரு. தங்கச்சிக்கு அதுல திருப்தி இல்ல, அவளுக்கு ஒரு பேரு வேணும். எனக்கும் உள்ளுக்குள்ள பயம் போகலைங்க, சந்து முக்கு வர்றப்ப எல்லாம் அப்பா மூஞ்சியப் பாக்கறேன்.

மிஷின் மொத பத்து நாள் கண்டக்டர் ஐயா சொன்ன அதே கூத்து. அடுத்த வீட்டுத் தறி ஓட ஆரம்பிச்சா கழட்டி சட்டப் பாக்கெட்ல போட்டுக்கறாரு. பழைய தறிய வித்தத எழுதிக் காட்டி ஒரு தடவ மொறயாச் சொன்னேன். படிச்சாரு. என்ன வெலைக்குப் போச்சுன்னு கேட்டாரு, சொன்னேன், ஏமாந்துட்டீங்கன்னாரு. அவ்ளோதான். நேத்து அம்மா குளிக்கப் போயிருந்தப்ப அடுப்ப அவரே ஆஃப் பண்ணியிருக்காரு, ஆனா ரெண்டு விசில்லயே பண்ணிட்டாரு, பருப்பு வேகல. மூணுதானே சொன்னேன்னு அம்மா சண்டை, இல்ல, நீ ரெண்டுன்னுதான் சொன்னேன்னு இவரு. இத காதுல சேக்கறதா மறதில சேக்கறதான்னு தெரியாம நான் சிரிச்சுட்டேன்.

ஒரு சந்தேகம்ங்க, மிஷினுக்குப் போடற 312ங்கற சின்ன பேட்டரி அஞ்சாறு நாள்லயே தீந்துருது. சாதாரணமா?

---

கண்டக்டர் தாத்தா:

ஒரு வாரம் ஓடுனா நல்ல ஓட்டம்தான் தம்பி. ராத்திரி கழட்டி வைக்கும்போது பேட்டரிக் கதவத் திறந்து போடுங்க, அப்பா மூடியே வச்சிருப்பாரு. புதுசுல ஒட்டியிருக்க ஸ்டிக்கர உரிச்ச உடனே உள்ள போடாதிய, ஒரு நிமிசம் காத்துப் படட்டும். நாலஞ்சு ஸ்டிக்கர மொத்தமா உரிச்சு வச்சுராதிய, நான் அப்படித்தான் ஒரு அட்டைய வீணாக்குனேன். பருப்புக்கு மூணு விசில் எதுக்கு, ஊற வச்சா ரெண்டு போதும்னு அம்மாகிட்ட சொல்லுங்க.